படிக்கட்டுப் பக்கத்திலிருந்து

நிலவறையை ஒழித்துச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. நடுவிலிருந்து ஆரம்பிப்பார்கள். கண்ணுக்கு எது பெரிதாகத் தெரிகிறதோ அதைப் போய்ப் பிடித்து இழுப்பார்கள். அது நகராது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து படுத்துவிடுவார்கள். அடுத்த குளிர்காலம் வரை அந்தப் பேச்சே வராது. முறையாகச் செய்பவர்கள் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். கடைசிப் படியில் நின்று கைக்கு எட்டுகிற பொருளை எடுக்க வேண்டும். அது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அதை அங்கே கொண்டுபோய் வைத்த பிறகுதான் அடுத்த பொருள். பொறுமை இருந்தால் போதும், சார்ஜென்ட் நியேமி. நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பொறுமைக்குப் பஞ்சமில்லை.

ஏன் இவ்வளவு நாள் ஆனது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் எங்கள் நிலவறையைப் பார்த்தது நான் வேலையை முடித்த பிறகு. முன்னால் பார்த்திருந்தால், இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தீர்கள் என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

அந்த வீட்டை வாங்கிய நாளில் என் கணவர் ஆர்விட் என்னைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போனார். காலியான சிமெண்டுத் தரை. தூர மூலையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன். ஏரிப் பக்கம் தரைமட்டத்தில் ஒரு சின்ன சன்னல். "இங்கதான் என் பட்டறை வரப்போகுது" என்றார். அப்போது எங்கள் மகள் மாரிட் பிறக்கவில்லை. இப்போது மாரிட்டுக்கே காதோரம் நரைத்துவிட்டது. பட்டறை வந்துகொண்டே இருந்தது.

ஆர்விட் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் வேலை பார்த்தவர். துலூத்தில் பிறந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கப்பலின் வயிற்றை நிரப்புவதுதான் தொழில். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பழக்கம் விடுமா. நிரப்புவதற்குக் கப்பல் கிடைக்காததால் வீட்டின் வயிற்றை நிரப்பினார். ஓடாத சலவை எந்திரங்கள். தெருவில் யாரோ வீசிய பனி வாரும் எந்திரங்கள். மேட்டுத்தெருப் பள்ளியை இடித்தபோது கிடைத்த, அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி எடை. சர்ச்சில் புது நாற்காலி போட்டபோது தள்ளிவிட்ட நீள பெஞ்சுகள். சட்டம் உளுத்துப்போன சன்னல் கண்ணாடிகள். காபி டப்பா டப்பாவாக வளைந்த ஆணிகள். அவருக்கு அதில் ஒன்றுகூடக் குப்பை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருங்காலம் வைத்திருந்தார். அந்த வீட்டில் வருங்காலம் இல்லாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

படிக்கட்டிலிருந்து கொதிகலன் வரை ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தார். இரண்டு பக்கமும் சாமான்கள் கூரையைத் தொட்டு நிற்கும். காலைச் சாப்பாடு முடிந்ததும் "பட்டறைக்குப் போறேன்" என்று எழுந்துகொள்வார். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்து ரேடியோவில் ஐஸ் ஹாக்கி கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு ஆணி. அதை நிமிர்த்தவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

நான் குறை சொல்லவில்லை. குடிக்காத மனிதர், கை நீட்டாத மனிதர். சர்ச்சில் எல்லோரும் என்னை அதிர்ஷ்டக்காரி என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த தட்டில் கேக்கை வைப்பேன்.

பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு நான் மரம் கடையக் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் மாலை வகுப்பு வைத்திருந்தார்கள். என் வயதில் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள், அவர்கள் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. பிர்ச் மரக்கட்டை எந்திரத்தில் சுற்றும்போது உளியை வைத்தால் ஈரச் சுருள் முகத்தில் வந்து விழும். முதலில் நடுங்கும். பிறகு நடுக்கம் குறைந்து ஓர் இடத்தில் சத்தம் மாறும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தில் என் மூச்சும் மாறிப்போகும். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் முடிந்ததும் முடிந்ததாகவே இருந்தது அது ஒன்றுதான். சமையலும் அப்படியில்லை, பேருந்தும் அப்படியில்லை.

க்ளோக்கே ஊருக்குப் பக்கத்தில் நடந்த பண்ணை ஏலத்தில் ஒரு பழைய கடைசல் எந்திரம் வாங்கினேன். அதை வண்டிக் கொட்டகையில்தான் வைக்க முடிந்தது. ஜனவரியில் எங்கள் ஊர்க் கொட்டகையில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் நிலவறையில் ஒரு மூலை கேட்டேன். பட்டறை அல்ல, மூலை.

"அங்க ஏது இடம்?" என்றார் ஆர்விட்.

"பண்ணிக்கலாமே. நானே ஒழிச்சுத் தர்றேன்."

"ஏய், கீழ ஒரு துரும்பைத் தொடக் கூடாது. எது எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். இந்தக் குளிர் முடியறதுக்குள்ள நானே பட்டறை போட்டுத் தர்றேன். நாளைக்கே ஆரம்பிக்கறேன்."

அவருடைய "நாளைக்கு" எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை அவர் பல் டாக்டரிடம் போயிருந்தபோது எதிர்வீட்டு டுவைனைக் கூப்பிட்டு ஒரே ஒரு சலவை எந்திரத்தை வெளியேற்றினேன். டுவைனிடம் ஒரு பழைய டிரக் உண்டு, நல்ல மனசும் உண்டு. ஆர்விட் திரும்பி வந்தார். வாய் மரத்துப்போயிருந்தது, பேச்சு குழறியது. கீழே போனவர் போன வேகத்தில் மேலே வந்தார். சாயங்காலம் குப்பைக்கிடங்கிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். கூடவே இன்னொன்றையும். "பாவம், இது தனியா கிடந்துச்சு" என்றார்.

டுவைன் என்னைப் பார்த்து, "வெர்னா, இனிமே நாம எதையும் எடுக்க வேணாம். எடுத்தா குட்டி போடுது" என்றார். அன்று நானும்தான் சிரித்தேன்.

அப்புறம் நவம்பரில் ஒருநாள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்து கொட்டகையைத் திறந்தால் என் எந்திரம் இல்லை. ஆர்விட் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பெருமை.

"பட்டறையில வெச்சிட்டேன். அதானே கேட்டே?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். சர்ச் பெஞ்சுகளுக்குப் பின்னால், சன்னல் கண்ணாடி அடுக்கின் அடியில் அதன் ஒரு கால் தெரிந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மோட்டார் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். ஆர்விட் ரொட்டியும் கையுமாகப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார்.

"மோட்டார் எங்க?"

"அந்தத் தண்ணி எறைக்கிற பம்பு இருக்கு பாரு, அருமையான பம்பு. மோட்டார்தான் போயிருந்துச்சு. உன்னோடத எடுத்து மாட்டிட்டேன். இப்ப கடகடன்னு ஓடுது."

"நம்ம வீட்டுக்குள்ள வெள்ளம் வந்ததே இல்லையே, ஆர்விட்."

"வந்தா?"

மேலே போய் இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்தேன். இதை நீங்கள் காரணம் என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கோபக்காரி இல்லை. எத்தனை வருடம் பேருந்தில் எத்தனை பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் கத்தியிருக்கும். ஒரு தடவைகூட நான் பிரேக்கை ஓங்கி மிதித்ததில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். குளிருக்குப் பயந்து பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள் அல்லவா, அந்த வெள்ளி. சாப்பிட்டுவிட்டு ஆர்விட் ஏதோ ஒரு ரப்பர் பெல்ட்டைத் தேடக் கீழே போனார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று கப்பலுக்குள் தாது கொட்டுகிற சத்தம். தரை அதிர்ந்தது, சுவர் அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதின. அப்புறம் "ஏய்" என்று குரல். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

போய்ப் பார்த்தேன். சந்து இருந்த இடத்தில் சந்து இல்லை. இரண்டு பக்கத்து அடுக்கும் சரிந்து நிலவறையே ஒரே மேடாகக் கிடந்தது. பெஞ்சுக்கும் சலவை எந்திரத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு. அதன் வழியாக டார்ச் அடித்தால் தூரத்தில், கொதிகலன் பக்கம், அவருடைய கம்பளித் தொப்பியும் ஒரு கையும் தெரிந்தன. ரேடியேட்டர்கள் இடுப்புக்குக் கீழே விழுந்திருந்தன.

"கால் மாட்டிக்கிச்சு. அசைக்க முடியல" என்றார்.

"டுவைனைக் கூப்பிடட்டுமா?"

"அய்யோ வேணாம். அவன் வந்தா எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடுவான். நீயே மெதுவா வழி பண்ணிட்டு வா. எதையும் தூக்கிப் போட்டுடாதே."

சார்ஜென்ட், உங்கள் ரெக்கார்டரில் நாடா சுற்றுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். இது பதிவாக வேண்டும். வேண்டாம் என்று சொன்னது அவர். வழி பண்ணிக்கொண்டு வரச் சொன்னதும் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நிலவறையைத் தொட எனக்கு அனுமதி கிடைத்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு கடைசிப் படியில் நின்றேன்.

முதலில் கைக்கு எட்டியது ஒரு காபி டப்பா. "வளைஞ்ச ஆணி" என்று உரக்கச் சொன்னேன்.

"வெச்சிரு" என்றது மேட்டுக்குப் பின்னாலிருந்த குரல்.

"கைப்பிடியில்லாத வாளி?"

"வெச்சிரு. கைப்பிடி எங்கயோ இருக்கு."

வைக்க வேண்டியவற்றைக் கொட்டகைக்குத் தூக்கிப்போனேன். தானமாகக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியவற்றை வாசல் பாதையில் ஒதுக்கினேன். எறிவதற்கென்று ஓர் இடமும் ஒதுக்கிவைத்தேன், ஆனால் அது காலியாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் படி ஏற வேண்டும், கோட்டு மாட்ட வேண்டும், பனியில் நடக்க வேண்டும், திரும்ப வர வேண்டும். எனக்கும் வயதாகிறது. மதியம் மேலே போய் சூப் சூடுபண்ணிச் சாப்பிட்டேன். அவருக்குத் தாகம் என்றார். தோட்டத்தில் சருகு வாரும் வாருகோலின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டி அந்த இடுக்கு வழியாகத் தள்ளித் தள்ளி அவர் கைக்குக் கொண்டுசேர்த்தேன். பாதி சிந்திவிட்டது, ஆனால் குடித்தார். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் பம்பு இருந்த இடம் வரை வந்துவிட்டேன். அது குறுக்கே கிடந்தது. அதை எடுத்தால் முழங்கையளவு வழி கிடைக்கும். ஆனால் தூக்க முடியாத கனம். கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

"ஆர்விட், பம்பைப் பிரிச்சுத்தான் எடுக்கணும். உங்களுக்கு நான் வரணுமா, பம்பு இருக்கணுமா?"

அவர் யோசித்தார். நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தார். கொதிகலன் ஒருமுறை மூண்டு அணைந்தது.

"அது ஓடுற பம்பு" என்றார்.

என் மோட்டாரில் ஓடுகிற பம்பு. சரி என்று அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் ஆரம்பித்தேன். வேலை எவ்வளவு நீண்டுபோனது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கனமான வேலை பார்ப்பதில்லை. விளக்கை அணைக்கப் போனபோது கூப்பிட்டார். "நாளைக்கு" என்றேன். அவருக்கு நன்றாகப் பழக்கமான வார்த்தைதான்.

சனிக்கிழமை காலை டுவைன் வாசல் பாதையில் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டு டிரக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மூக்கு நுனி சிவந்து, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"வெர்னா, நான் காண்றது நெசந்தானா? ஆர்விட் எங்க?"

"கீழதான் இருக்காரு. எல்லாத்துக்கும் நடுவுல."

"எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"நேத்திலேர்ந்து முன்ன மாதிரி எதிர்த்து நிக்க முடியல அவரால."

டுவைன் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் கீழ வந்து ரெண்டு சாமான் தூக்கித் தரவா?"

"வேணாம் டுவைன். நீங்க வந்தா எல்லாத்தையும் கலைச்சிடுவீங்கன்னு அவருக்குப் பயம்."

"அதுவும் சரிதான். அந்த மனுஷன் மாறவே மாட்டாரு." பாதையில் இருந்த சாமான்களை ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது அந்தச் சின்ன சன்னல் பக்கம் குனிந்து, "போய்ட்டு வரேன் ஆர்விட், இந்தத் தடவை பின்னாலேயே வந்துடாதீங்க" என்று கத்தினார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணாடியில் பனி உறைந்திருந்ததால் என்னவென்று புரியவில்லை. "கேட்டீங்களா, எப்படித் திட்றாரு" என்றார் டுவைன். டுவைனை ஒன்றும் கேட்காதீர்கள் சார்ஜென்ட். விஷயம் தெரிந்ததிலிருந்து அந்த மனிதர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மாரிட்டும் அன்று மினியாபொலிஸிலிருந்து போன் செய்தாள். சனிக்கிழமை தவறாமல் செய்வாள். "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். "கீழ மாட்டிக்கிட்டிருக்காரு, வர முடியாது" என்றேன். "எப்பதான் மாட்டிக்காம இருந்தாரு" என்றாள். நான் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். கேட்ட எல்லோருக்கும் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் அவர் குரல் மாறிவிட்டது. நான் ஒரு பெஞ்சைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஆளக் கூப்பிடு. தீயணைப்புக்காரங்களக் கூப்பிடு."

"அவங்க வந்தா எல்லாத்தையும் வெளிய வாரிப் போட்டுடுவாங்களே" என்றேன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் சொன்னதைத்தான் ஞாபகப்படுத்தினேன்.

"போடட்டும்."

"பம்பு?"

"எல்லாத்தையும் தூக்கிப் போடு, வெர்னா. ஒண்ணுமே வேணாம். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வாம்மா. தயவுபண்ணி வா."

நான் அந்தச் சர்ச் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளாவது கேட்க மாட்டோமா என்று நான் ஏங்கிய வாக்கியம் அது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொல்வது போல நானே சொல்லிப்பார்த்ததுண்டு. நிஜத்தில் வந்தபோது நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேலே போய் ஒரு காபி போட்டு, சன்னலோரம் நின்று ஏரி புகைவதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். கடுங்குளிரில் தண்ணீர் மேல் எழும்புமே, அந்தப் புகை. இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். முழு அனுமதி கிடைத்தவுடன் தலைகால் புரியாமல் அள்ளி வீசுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து போய்விடும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அன்றிலிருந்து உண்மையில் வேலை வேகமாகத்தான் நடந்தது, ஒவ்வொன்றையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால். இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுப்பதுதான் நேரத்தைத் தின்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கனமானவற்றைப் பிரித்துத் துண்டு துண்டாக மேலே ஏற்றினேன். பம்பைப் பிரித்து மோட்டாரைத் தனியே எடுத்து, துடைத்து, ஒரு துணியில் சுற்றிவைத்தேன். அவர் மறுபடி தண்ணீர் கேட்டார். அந்த நேரத்தில் வாருகோல் எனக்கு மேல் அடுக்கைத் தள்ளுவதற்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போனேன். போகாமலிருந்தால் கேட்பார்கள். பிரார்த்தனை நேரத்தில் யாருக்காவது வேண்டிக்கொள்ள வேண்டுமா என்று போதகர் கேட்டபோது நான் எழுந்து, "என் கணவருக்குக் கால் வலி" என்றேன். எல்லோரும் தலைகுனிந்து அவருக்காக வேண்டினார்கள். இந்த ஊரில் அதைவிட அதிகமாக ஒரு மனைவி என்ன செய்துவிட முடியும்.

திரும்பி வந்து படியில் இறங்கும்போது கொதிகலன் ஓடும் சத்தம் கேட்டது. எப்போதும் ஓடுவதுதான். அன்றுதான் அது தனியாகக் கேட்டது. ரேடியோவைப் போட்டேன், பழக்கமான சத்தம் ஏதாவது இருக்கட்டுமென்று.

அவர் இருந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது அதற்கும் பிறகு. என் வழியில் போனேன், ஒழிக்காமல் ஓர் அங்குலம்கூடத் தாண்டாமல். தொப்பியைச் சரிசெய்தேன். கண்களை மூடிவிட்டேன். அவருடைய தாயார் தைத்த போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். அந்தப் போர்வையைக் கீழே கொண்டுபோக அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை, அழுக்காகிவிடுமாம். அப்போதே போன் செய்திருக்கலாம்தான். ஆனால் கொஞ்ச வேலைதான் பாக்கி இருந்தது, பாதியில் விடுவது என்றாலே எனக்கு ஆகாது. அதை வீட்டில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். சுவரில் பலகை அடித்து உளிகளை வரிசையாக மாட்டினேன். எந்திரத்துக்கு மோட்டாரைத் திரும்பப் பூட்டினேன். சன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். தரைக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தேன், அவரைச் சுற்றி. பெயிண்ட் காய்வதற்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு பிர்ச் கட்டையைப் பூட்டிச் சின்னதாக ஒரு கிண்ணம் கடைந்தேன். பக்கங்கள் மெல்லியதாக, அடி சீராக வந்தது. நான் செய்தவற்றில் அதுதான் நன்றாக வந்தது. அதன் பிறகு உங்களைக் கூப்பிட்டேன்.

வந்தவர்களில் ஓர் இளைஞர் கடைசிப் படியில் நின்று, "அடேயப்பா, என்ன அருமையான பட்டறை" என்றார். அப்புறம்தான் மூலையைப் பார்த்தார். பாவம், சின்ன வயசு. பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்குங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு நிலையம் எங்கள் மேட்டின் அடியில்தான் இருக்கிறது. சமையலறையில் நின்றால் அதன் சிவப்புக் கதவு தெரியும். போன் அந்தச் சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டிருந்தால்கூட ஆள் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது கோப்பை காபி குடித்துவிட்டு ரிசீவரைக் கையில் எடுக்கத்தான் செய்தேன். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வருவார்கள், தூக்குவார்கள், ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போடுவார்கள். தயவுபண்ணி என்று சொன்னதெல்லாம் முதல் வாரத்திலேயே மறந்துவிடும். ஊன்றுகோலோடு டுவைனின் டிரக்கைத் தேடிக்கொண்டு போய் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். என் எந்திரத்தை அடியில் வைத்து மேலே அடுக்குவார். ஆமாம், பிழைத்திருப்பார். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ரிசீவரை வைத்தேன்.

கீழே அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, ஆனால் இதை ஓர் ஆண் அதிகாரியிடம் சொன்னால் புரியாது, உங்களுக்குப் புரியும். சீருடை போட்ட நாலைந்து பேர் முன்வாசல் வழியாக உள்ளே வந்து, வீடு அன்றைக்கு இருந்த அந்த அலங்கோலத்தைப் பார்த்திருந்தால், சார்ஜென்ட், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்?